கொம்புச்சாவும் கண்ணாடி பாட்டில் மோகமும்

வீட்டில் கொம்புச்சா போடுகிறவர்களின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விஷயம் புரியும். தேயிலை எது, சர்க்கரை எவ்வளவு, இஞ்சி போடலாமா, மாம்பழம் போடலாமா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், பாட்டில் என்று வந்ததும் அதன் அழகைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். கம்பி மூடி போட்ட கண்ணாடி பாட்டில், உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் பானம், பின்னால் ஜன்னல் வெளிச்சம். படம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பவர் மட்டும் படம் எடுப்பதே இல்லை. ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் மாதிரி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒளித்து வைக்கிறார். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு, அதிலும் சென்னை, மதுரை மாதிரி வெயில் ஊரில் இருப்பவருக்கு, அந்த மட்டமான சோடா பாட்டில்தான் சரியான பாட்டில். கண்ணாடி பிறகு வரட்டும், அவசரமில்லை.

கொம்புச்சா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: சர்க்கரை போட்ட டீயைப் புளிக்க வைத்தால் கிடைப்பது. டீயின் மேல் வழவழவென்று ஓர் ஆடை படியும். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட்டுக் குடும்பம் நடத்தும் அந்த ஆடையை ஆங்கிலத்தில் ஸ்கோபி என்கிறார்கள். சீனாவின் வடகிழக்குப் பகுதியில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தப் பானம் ரஷ்யாவுக்குப் போய் 'தேயிலைக் காளான்' என்ற பெயரில் வீட்டுப் பானமானது. சோவியத் காலத்துச் சமையலறைகளில் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, வாயில் ஒரு துணி, அவ்வளவுதான் ஏற்பாடு. வேண்டியபோது ஜாடியிலிருந்தே ஊற்றிக் குடித்தார்கள். துணி வழியாகக் காற்று வெளியே போய்விடும், வெடிப்பதற்கு எதுவும் இல்லை. பானம் சோடா மாதிரி பொங்க வேண்டும் என்ற ஆசை வந்த பிறகுதான் பாட்டில் என்பது ஒரு பிரச்சினையே ஆனது.

பொங்க வைக்கும் வழி எளிது. ஏழு முதல் பத்து நாள் ஜாடியில் புளித்ததை வடிகட்டி, கொஞ்சம் பழச்சாறோ இஞ்சியோ சேர்த்து, பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வெளியிலேயே சில நாள் வைப்பார்கள். உள்ளே இருக்கும் ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். மூடி இருப்பதால் வாயு போக வழியில்லாமல் பானத்திலேயே கரையும். பாக்கெட்டில் விற்கும் இட்லி மாவு வெயில் காலத்தில் தலையணை மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். பாக்கெட் உப்பும், பாட்டில் உப்பாது என்பதுதான் வித்தியாசம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு வரும். ஷாம்பெயின் தயாரிப்பவர்கள் இரண்டாவது நொதித்தலுக்காக லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். அதிலிருந்து 12 கிராம் வாயு. பாட்டிலுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு, கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதைத் தாங்குவதற்காகத்தான் 750 மில்லி பானத்துக்கு ஏறக்குறைய 800, 900 கிராம் எடையுள்ள கனமான பாட்டில். வீட்டில் பீர் தயாரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பாட்டிலில் அடைக்கும்போது சேர்ப்பது லிட்டருக்கு ஏழெட்டு கிராமுக்குள்தான் இருக்கும்.

கொம்புச்சாவில் எவ்வளவு? ஆரம்பத்தில் லிட்டருக்கு 50 முதல் 70 கிராம் சர்க்கரை போடுவது வழக்கம். ஒரு வாரம் புளித்தாலும் அதில் பெரும் பங்கு மிச்சம் இருக்கும், இல்லாவிட்டால் குடிக்கும்போது தித்திப்பே தெரியாது. லிட்டருக்கு 30 கிராம் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும் அது ஷாம்பெயினுக்குப் போடுவதைவிட அதிகம். அதன் மேல் மாம்பழச் சாறு வேறு. புளிப்பு ஏற ஏற ஈஸ்ட்டின் வேகம் குறையும், சர்க்கரை முழுவதும் வாயுவாக மாறிவிடாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தீனி உள்ளேயே இருக்கிறது. ஷாம்பெயினில் அளந்து போட்ட சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் வேலையை நிறுத்திவிடும். கொம்புச்சாவில் சர்க்கரை தீராது. ஃபிரிட்ஜில் வைக்கும்போது குளிரில் ஈஸ்ட் தூங்குகிறது, வெளியே எடுத்தால் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மறந்துபோய் இரண்டு நாள் கூடுதலாக வெளியில் இருந்துவிட்டால் இந்தப் பாட்டில் என்ன செய்யும்?

ஷாம்பெயின்காரர்கள் இந்தப் பாடத்தைக் கண்ணாடித் துண்டுகளின் மூலம்தான் கற்றார்கள். மதுவில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதைப் பற்றி இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மெரட் என்பவர் 1662இலேயே ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்திருக்கிறார். அங்கே நிலக்கரி உலையில் உருக்கிய வலுவான கண்ணாடி அப்போதே இருந்தது. பிரான்சின் நிலவறைகளில் ஒரு பாட்டில் வெடித்தால் அதன் அதிர்ச்சியில் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும், வரிசை வரிசையாகப் போகும். வேலையாட்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். 1830களில் பிரான்சுவா என்ற மருந்துக்காரர் சர்க்கரையை அளந்து சேர்க்கும் முறையைச் சொன்ன பிறகுதான் நிலைமை சீரடையத் தொடங்கியது. பரம்பரைத் தொழில்காரனே கவசம் மாட்டிக்கொண்டு செய்த காரியத்தை, கைலியும் பனியனுமாக அடுப்படியில் நின்று செய்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும் :-)

சரி, வீட்டில் கிடைக்கும் கண்ணாடி பாட்டில்களில் எது தேறும்?

ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், சாஸ் பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவுமே தேறாது. இவற்றில் பல சூடாக நிரப்பி மூடப்படுபவை. ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதாவது அந்த மூடியே உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. பிராந்தி, ரம் பாட்டில்கள் பார்க்கக் கனமாக இருக்கும். ஆனால் அவற்றில் இருந்த சரக்குக்கு வாயுவே கிடையாது. காயலான் கடையில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து கழுவுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. சதுர பாட்டில் எந்த விலையானாலும் வேண்டாம். உருளை வடிவத்தில் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும். சதுரத்தில் தட்டையான பக்கங்கள் வெளியே வளையப் பார்க்கும், மூலைகளில் அழுத்தம் குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அந்த ஜன்னலோரப் படங்களில் பாதி சதுர பாட்டில்கள்தான் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கம்பி மூடி பாட்டில்தான் பெரிய ஏமாற்று. கம்பி மூடியில் எந்தக் குற்றமும் இல்லை. சார்ல்ஸ் டி குவில்ஃபெல்ட் 1875இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற நல்ல ஏற்பாடு அது. ஹாலந்தின் கிரோல்ஷ் பீர் 1897 முதல் அந்த மூடியோடு வருகிறது. ஆனால் அந்த மூடியைப் பார்த்ததும் பாட்டிலும் பீர் பாட்டில் போலத் தாங்கும் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. வீட்டு அலங்காரக் கடைகளில் எண்ணெய் ஊற்றவும் தண்ணீர் வைக்கவும் விற்கும் கம்பி மூடி பாட்டில்களின் கண்ணாடி மெல்லியது, அடிப்பக்கம் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. மூடி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடி விட்டுக்கொடுக்கும். இதைவிட மோசமான ஜோடி இருக்க முடியாது. அழுத்தம் அதிகமானால் ரப்பர் வாஷர் வழியாகக் கசிந்துவிடும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கசியலாம், கசியாமலும் போகலாம், அதை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது. வாயுள்ள பானத்துக்கென்றே செய்தது என்று விற்பவர் எழுத்தில் சொல்லாத கம்பி மூடி பாட்டிலில் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாம், அதற்கு அது பிரமாதமான பாட்டில்.

பீர் பாட்டில் அழுத்தம் தாங்கும். ஆனால் கிரவுன் மூடி போட (வில்லியம் பெயின்டர் 1892இல் கண்டுபிடித்த அதே நெளிநெளி மூடி) தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். பல தடவை ஆலைக்குப் போய்வந்து உரசித் தேய்ந்த பாட்டிலாக இருந்தால் அந்தத் தேய்மானம் பலவீனம்தான். தோள்பட்டையில் வெள்ளையாக வளையம் வளையமாகத் தேய்ந்திருந்தால் ஒதுக்கிவிடலாம். கடையில் கொம்புச்சா வாங்கிக் குடித்தவர்கள் அந்த பாட்டிலையே கழுவி வைத்துக்கொள்வது இதைவிட நல்ல யோசனை. இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது, மூடி இறுகும் வரை உபயோகமாகும்.

கோலி சோடா பாட்டிலில் போட்டால் என்ன என்று யாருக்காவது தோன்றும். தோன்றவேண்டியதுதான், 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அந்த பாட்டில் அழுத்தத்துக்காகவே பிறந்தது. ஆனால் கோலியை வாஷரோடு ஒட்டிப் பிடித்துவைப்பதே உள்ளே இருக்கும் வாயுதான். சோடாக் கடையில் வாயுவை ஏற்றி பாட்டிலைக் கவிழ்க்கும்போது கோலி கழுத்துக்கு வந்து அடைத்துக்கொள்ளும். கொம்புச்சா ஊற்றும்போது வாயுவே இருக்காது, அது உண்டாக இரண்டு நாள் ஆகும். அதுவரை கோலி சும்மா கிடக்கும், உண்டாகிற வாயுவெல்லாம் வெளியே போகும். பாவம், நம்மூர் பாட்டில் இந்த ஒரு பரீட்சையில் தோற்றுவிட்டது.

பிளாஸ்டிக் சோடா பாட்டிலின் கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் இருந்த நத்தானியேல் வயத் (ஓவியர் ஆண்ட்ரூ வயத்தின் அண்ணன்) சோடாவைப் பிளாஸ்டிக்கில் அடைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, ஒரு சோப்பு பாட்டிலில் ஜின்ஜர் ஏல் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். காலையில் பார்த்தால் பாட்டில் உப்பிப்போய் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு வெளியே வரவே இல்லை. அந்த உப்பலை அடக்க வழி தேடிப் போனவர்தான் 1973இல் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். இழுத்து ஊதும்போது அதன் மூலக்கூறுகள் இரண்டு திசையிலும் நீண்டு வரிசைப்படுகின்றன. அதனால்தான் நாற்பது ஐம்பது கிராம் எடையில் இரண்டு லிட்டர் சோடாவைத் தாங்குகிறது. சோடா பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், பூவிதழ் மாதிரி ஐந்து கால்கள் இருக்கும். அழுத்தத்தில் அடி பிதுங்கி பாட்டில் ஆடாமல் நிற்பதற்கான வடிவம் அது. தண்ணீர் பாட்டிலில் பெரும்பாலும் அது இருக்காது. ஆகவே பிளாஸ்டிக் என்றால் தண்ணீர் பாட்டில் அல்ல, வாயுள்ள பானம் வந்த பாட்டில்தான். அதன் மூடியும் யோசித்துச் செய்யப்பட்டது. மரையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருப்பதால் திருகத் தொடங்கியதுமே வாயு வெளியேறும், மூடி முகத்தில் பறந்து அடிக்காது.

இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். அந்த பாட்டிலின் பெரிய குணம், உள்ளே என்ன நடக்கிறது என்பதை விரலுக்குச் சொல்லும். ஊற்றிய அன்று அமுக்கினால் மெத்தென்று இருக்கும். மறுநாள் கொஞ்சம் விறைப்பு. கல் மாதிரி ஆகிவிட்டால் ஃபிரிட்ஜுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. கண்ணாடி எதையும் சொல்லாது, உடைகிற நொடி வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். தினமும் மூடியைத் திறந்து வாயு விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது சேர்ந்த வாயுவை வீணாக்கும் வேலை, ஒருநாள் மறந்தால் போச்சு. கண்ணாடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்கூட, ஐந்து கண்ணாடி பாட்டில் நிரப்பும்போது ஆறாவதாக ஒரு சின்ன சோடா பாட்டிலிலும் அதே கொம்புச்சாவை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மற்ற ஐந்தின் நிலவரமும் ஓரளவு தெரியும். பெட் பாட்டிலும் எல்லை மீறினால் வெடிக்கும்தான். பெரிய சத்தம் வரும், சுவர் நனையும். கண்ணாடிச் சில் வராது.

பிளாஸ்டிக்கில் புளிப்புப் பானம் வைத்தால் நஞ்சு கலக்காதா என்பது நியாயமான கேள்வி. கோலா பானங்களின் புளிப்பு கொம்புச்சாவுக்குக் குறைந்ததல்ல, அவை மாதக்கணக்கில் இதே பாட்டிலில்தான் கிடக்கின்றன. கொம்புச்சா இருக்கப்போவது சில நாள், அதிலும் பாதி நாள் ஃபிரிட்ஜில். கவலைப்பட வேண்டியது சூட்டைப் பற்றி. பெட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றிக் கழுவக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது, உள்ளே கீறல் விழுந்தாலோ வாடை பிடித்தாலோ மாற்றிவிட வேண்டும். குப்பை சேரும் என்ற ஆட்சேபத்துக்குத்தான் நல்ல பதில் இல்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட பாட்டிலை நாலைந்து தடவை உபயோகிக்கலாம் என்பதோடு அந்த வாதம் முடிந்துவிடுகிறது. கை பழகி, தன் சமையலறையில் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு வாயு ஏறுகிறது என்று தெரிந்தவர், சரியான கண்ணாடி பாட்டிலுக்கு மாறுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

'தன் சமையலறையில்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறை வெப்பத்தில் மூன்று முதல் ஏழு நாள் என்று குறிப்புகளில் இருக்கும். எந்த அறை? எழுதியவரின் அறை 20, 22 டிகிரி. மே மாதச் சென்னையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அடுப்படி 30க்குக் கீழே இறங்காது. அங்கே ஈஸ்ட் ஓடும் ஓட்டத்தில் ஒன்றரை நாளே தாராளம். வெப்பம் இன்னொரு வகையிலும் கெடுக்கிறது. குளிர்ந்த பானம் கரைத்துவைத்திருக்கும் வாயுவைச் சூடான பானத்தால் வைத்திருக்க முடியாது, அது மேலே இருக்கும் காலி இடத்துக்கு வரும். ஒரே பாட்டில், ஒரே அளவு வாயு, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல். ரொம்ப நாள் மறந்துவிட்ட கண்ணாடி பாட்டிலைக் கண்டுபிடித்தால் அப்படியே தூக்கிக் குலுக்கிப் பார்க்காமல், தடித்த துண்டால் சுற்றி, கண்ணுக்கு ஏதாவது கண்ணாடி மாட்டிக்கொண்டு, நன்றாகக் குளிரவைத்த பிறகு திறப்பது இதனால்தான். சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் வேறு கதை ஆகிவிடும்.

மூடிய பாட்டிலில் ஆல்கஹாலும் ஏறும். ஆல்கஹாலை அமிலமாக மாற்றும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், ஈஸ்ட்டுக்கு வேண்டாம். 2010 ஜூனில் அமெரிக்காவில் ஹோல் ஃபுட்ஸ் கடைகள் கொம்புச்சாவை அலமாரியிலிருந்தே எடுத்தன. பாட்டிலுக்குள் நொதித்தல் தொடர்ந்து, அந்நாட்டுச் சட்டம் மதுபானத்துக்கு வைத்திருக்கும் 0.5 சதவீத எல்லையை அது தாண்டுகிறது என்ற சிக்கல்தான் காரணம். குழந்தைகளுக்குக் கொடுக்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பீங்கான் ஜாடி, அலங்கார மண்பாண்டம் பற்றி ஒரு வார்த்தை. மேல்பூச்சில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும். பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டு மாதக்கணக்கில் குடித்த ஒரு தம்பதிக்கு ஈய நச்சு ஏறியதை 1998இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் வெளியிட்டிருக்கிறது. கிரிஸ்டல் கண்ணாடிக் குடுவைக்கும் இதே ஆட்சேபம். பித்தளை, செம்பு, அலுமினியம் கூடாது என்பது ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலின் நிறத்தைப் பற்றி நடக்கும் சண்டைகளில் அர்த்தமில்லை, பிரவுனோ வெள்ளையோ அலமாரிக்குள் இருந்தால் எல்லாம் ஒன்றுதான். நிரப்பும்போது மேலே இரண்டு மூன்று செ.மீ. இடம் விட வேண்டும். பழத்தைத் துண்டு போடுவதைவிட வடிகட்டிய சாறு நல்லது. சக்கை இருந்தால் திறக்கும்போது பாதி பானம் கூரையைப் பார்த்துக் கிளம்பும்.

போட்டவர் தானே குடிக்கும்வரை இதெல்லாம் அவர் பாடு. ஆனால் கொம்புச்சா போடுகிறவர்கள் தாராள மனசுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு பாட்டில், ஊருக்குப் போகும்போது அக்காவுக்கு ஒரு பாட்டில் என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வாங்கிக்கொள்கிறவருக்கு அது ஒரு ஜூஸ். அழகான கண்ணாடி பாட்டிலாக இருந்தால் ஃபிரிட்ஜுக்குள் வைக்க மனசு வராது, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைப்பார். இல்லையென்றால் அது பகல் நேர பஸ்ஸில், மடியில் வைத்த பையில், எட்டு மணி நேரம் மதுரைக்குப் பயணம் போகும். அந்த பாட்டில் என்ன செய்யும் என்பது கொடுத்தவருக்குத் தெரியும், பக்கத்து சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கொடுப்பதென்றால் சோடா பாட்டிலில், ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, அடைத்த தேதியை டேப்பில் எழுதி ஒட்டி, போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளில் குடித்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாட்டில் திரும்ப வராவிட்டாலும் நஷ்டமில்லை.